திண்டுக்கல் சமஸ்தான விமானப்படை

ஜூன் 4, 2006, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. மலைக்கோட்டைப் பக்கமிருந்து புழுதி. மழை வருவதுபோல ஒரு பாவனை, வராது. இரண்டாம் பூசை. பிரசங்கத்தில் பாதி தூக்கம், மீதி நேரம் ஜெட் விமானத்தின் வாலில் பூட்டை எந்த அளவில் வரைவது என்கிற யோசனை. ஆண்டவர் மன்னிப்பார். பங்குச் சாமியார்தான் சந்தேகம், பார்த்துவிட்டார்.

ஞாயிறு கடை திறக்கக் கூடாது. திறந்தேன். வேலை:

– காதுகுத்து ஃப்ளெக்ஸ். குழந்தை ஒன்று, மாமன்மார் பதினோரு பேர்.
– தேர்தலில் ஜெயித்தவருக்கு வாழ்த்து. வாழ்த்துபவர் தலை ஜெயித்தவர் தலையைவிடப் பெரிதாக வேண்டுமாம். செய்தாயிற்று.
– புதுமனை புகுவிழா அழைப்பிதழ், பிழை திருத்தம். வீட்டுக்காரர் பெயரையே தப்பாக அடித்திருக்கிறேன்.

ரோ. (மனைவி ரோஸ்மேரிக்கு இந்த நோட்டில் ஓரெழுத்துதான்) வந்து திரையைப் பார்த்து 'சரி' என்ற பிறகே எதுவும் அச்சுக்குப் போகும். கடையின் சட்டம். நான் கை, அவள் கண். எனக்குப் பச்சை, சிவப்பு, காவி மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆள் அடையாளம் தெரியாது. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் உண்டு. அதை மனப்பாடம் செய்து பிழைப்பு ஓடுகிறது. இருந்தும் ஒருமுறை ஒரு கட்சியின் கொடியை எதிர்க்கட்சியின் கொடியாக்கி, இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றாகக் கடைக்கு வந்தார்கள். இந்த ஊரில் கூட்டணி உண்டாக்கிய ஒரே டிசைனர் நான்தான். அதன் பிறகே இந்தச் சட்டம்.

மாலை ரோ. அன்பியக் கூட்டத்துக்கு, தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கிற குழு, போனாள். உடனே என் சொந்த உத்தியோகம்: திண்டுக்கல் சமஸ்தான விமானப்படை. இனி தி.ச.வி.

என் சரித்திரப்படி வெள்ளைக்காரன் மலைக்கோட்டையைப் பிடிக்கவே இல்லை. சமஸ்தானம் இன்றுவரை தனியாக இருக்கிறது. பூட்டும் தோலும் விற்ற காசில் ஊர் ஊராகப் போய்ப் பழைய ஜெட் வாங்குகிறது. விமானத்தளம் எரியோடு ஊருக்கு வெளியே, சோளக்காட்டை ஒட்டி. சின்னம், வட்டத்துக்குள் பூட்டு. எதிரி நாடு மதுரை. காரணம் தேவையில்லை. பறப்பதற்கு முன் பிரியாணி கூடாது, இறங்கிய பிறகு உண்டு. ராணுவ ஒழுங்கு.

இன்று மாருத். நம் நாடே செய்து, எஞ்சின் சரியாக அமையாமல் ஒதுங்கிப்போன ஜெட். என் சரித்திரத்தில் அதற்கு நல்ல எஞ்சின் கிடைத்துவிட்டது. மனிதர்களுக்கும் இப்படிச் செய்ய முடிந்தால் எத்தனை பேருக்குச் செய்யலாம்.

வேலை இதுதான்: விமானத்தை உரித்து விரித்ததுபோல ஒரு தட்டைப் படம் இருக்கும். இறக்கை ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம், வால் தனியாக. அதன்மேல் வண்ணம் அடித்துப் போட்டால், கம்ப்யூட்டரில் பறக்கிற விளையாட்டில் விமானம் அதைப் போர்த்திக்கொண்டு கிளம்பும். பக்கத்துக் கடை ஜபருல்லா பாய் பெல்ட், பர்ஸ், செருப்பு வியாபாரம். அவர் அப்பா காலத்தில் தோல் பதனிடும் ஷாப்பு. முதல்முறை பார்த்தபோதே சொன்னார்: "ஏலே சவரி, இது உரிச்ச ஆட்டுத்தோலுல்ல. நீயும் எங்க தொழிலுக்கே வந்துட்ட."

நடக்காத சரித்திரத்து விமானங்களுக்கென்றே ஓர் இணையதளம். உலகம் முழுக்க என்னைப் போன்ற பொறுப்பில்லாத குடும்பத் தலைவர்கள். இன்று மாருத்தை ஏற்றினேன். சிறுமலைப் பச்சை. சற்று நேரத்தில் போலந்துக்காரர் ஒருவர்: இந்தச் செங்கல் நிறம் அபாரம், உங்கள் ஊர் மண்ணா?

செங்கல்லாம்.

ஆமாம் ஐயா, வேடசந்தூர்ச் செம்மண், எதிரி மேலேயிருந்து பார்த்தால் உழுத காடு என்று நினைத்துப் போய்விடுவான் என்று பதில் போட்டேன். பிழைப்புக்கு எண் பார்த்து அடிப்பேன். விமானத்துக்குக் கண் பார்த்துத்தான். சுகமே அதில்தான். பலன் இது.

ஜூன் 6, செவ்வாய்

காற்று குறையவில்லை. கடை போர்டு ஒரு பக்கம் தொங்குகிறது. ஆணி வாங்க வேண்டும்.

அமல் வந்தான். என் அக்கா விக்டோரியாவின் மகன். வயது பத்தொன்பது. தி.ச.வி.யின் ஒரே விமானி. விளையாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தவனே அவன். நான் ஓட்டினால் எல்லா ஜெட்டும் எரியோட்டுச் சோளக்காட்டில் போய் முடியும். அவன் தலைகீழாகப் போய், மலைக்கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, பூ வைப்பதுபோல இறக்குவான்.

நிஜ விமானப்படைக்கும் போகப்போகிறான். டெக்னிக்கல் பிரிவு, ஓட்டுவது இல்லை, விமானத்தைப் பராமரிப்பது. எழுத்துப் பரீட்சை பாஸ். ஓட்டம் பாஸ். மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி, பத்தொன்பதாம் தேதி, சென்னை. அக்கா அந்தோணியாருக்கு நேர்ந்திருக்கிறாள். அக்கா வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் அத்தனை டீச்சருக்கும் சாக்லேட். ஹெட்மிஸ்ட்ரஸுக்கு இரண்டு. நேற்றுப் பெரிய சூட்கேஸ் வேறு வாங்கிவிட்டாளாம். மெடிக்கலுக்கு எதற்கு அம்புட்டுப் பெரிய பெட்டி என்று கேட்டதற்கு, "அப்படியே வேலையில சேரச் சொல்லிட்டா?" என்றாளாம்.

அமல் அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. கவனித்தேன். பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

"மாமா, அடுத்த ஜெட்டுக்கு நானே கலர் அடிக்கவா?"

"அடிலே. காட்டுப் பச்சை. எண் எல்லாம் பாக்காத. கண்ணால பாத்து அடி."

"சரி மாமா." பென் டிரைவில் படத்தை வாங்கிக்கொண்டு போனான். வாசலில் நின்று திரும்பி, "கண்ணால தானே?" என்று ஒரு கேள்வி. ஆமாம் என்றேன். என்ன கேள்வி.

இரவு வெஞ்சனம் அவரைக்காய். ரோ. பேசவில்லை. ஞாயிறு கடை திறந்தது தெரிந்துவிட்டது. பங்குச் சாமியார் வேலையாகத்தான் இருக்கும்.

ஜூன் 8, வியாழன்

ஆணி வாங்கினேன். சுத்தியல் இல்லை.

பகலில் அமல் பென் டிரைவோடு வந்தான். மாட்டிப் பார்த்தோம். மிக் ஜெட் ஒன்று, மூக்கிலிருந்து வால்வரை காட்டுப் பச்சை, இறக்கையில் பூட்டு. என் பூட்டைவிட அவன் பூட்டு நேர்த்தி. சாவித் துவாரம்கூட வைத்திருக்கிறான். எரியோட்டிலிருந்து கிளம்பி, கோட்டைக்கு மேலே சாய்ந்து திரும்பினான். இரண்டு இறக்கையும் தெரிந்தன. நான் கை தட்டினேன். ஒரு குறை சொல்ல முடியாது. மருமகனைக் கட்டிப்பிடித்தேன்.

அப்போது ஜ.பாய் டீ டம்ளரோடு உள்ளே வந்தார். செத்த நேரம் பார்த்தார்.

"என்னலே இது, ஒரு பக்கம் கொத்தமல்லி, ஒரு பக்கம் ஆட்டு ஈரல்?"

"எதுய்யா?"

"இறக்கையத்தான். இது பச்சை. அது ஈரல் கலரு. ரெண்டு ஜெட்டை வெட்டி ஒட்டுனீங்களா?"

நான் அமலைப் பார்த்தேன். அவன் திரையைப் பார்த்தான்.

"அது… ஒரு இறக்கைய நேத்து அடிச்சேன் பாய். இன்னொண்ணு இன்னைக்கு."

"எங்க கடைப் பய இப்படி ஒரு சோடி செருப்புக்குச் சாயம் போட்டான்னு வையி, அன்னைக்கே அனுப்பிருவேன்," என்று சிரித்தார் பாய். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. எனக்குத் தெரியவில்லை, அது பழைய கதை. இவனுக்குமா தெரியவில்லை?

அமல் அடுத்த நிமிடம் கிளம்பிவிட்டான். விமானம் தரையிறங்காமல் திரையில் கோட்டைக்கு மேலே தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜூன் 9, வெள்ளி

வேலை ஓடவில்லை. ஒரு மஞ்சள் நீராட்டு அழைப்பிதழில் பெண்ணின் பெயருக்குப் பதில் 'மாருத்' என்று அடித்துவிட்டேன். ரோ. பிடித்தாள்.

எனக்கும் இவன் வயதில் அதே விமானப்படை ஆசை. எல்லாம் தேறினேன். கடைசியில் ஒரு டாக்டர், வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கிற ஒரு புத்தகத்தைத் திறந்து, "இதில் என்ன எண்?" என்றார். "எந்த எண் சார்?" என்றேன். அத்தோடு முடிந்தது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்; வருஷக்கணக்காக விருந்துக்கு விருந்து சிரிக்கிற கதை. அமல் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தான். நானேதான் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

இணையத்தில் நிறக்குருடு பற்றித் தேடினேன். ஆண்களுக்குத்தான் அதிகம் வருமாம். ஆனால் வருவது அம்மா வழியாக. தாய்மாமனுக்கு இருந்தால் அக்கா பிள்ளைக்கு வரலாம் என்று படம் போட்டு விளக்கியிருந்தான். பாதி கறுத்த வட்டம் அக்கா, முழுக்கக் கறுத்த சதுரம் நான், அவளுக்குக் கீழே கேள்விக்குறியோடு சின்னச் சதுரம் ஒன்று. நல்ல டிசைன்.

அமல் கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்கியபோது வாட்ச், கோட்டு, தட்டுத் தட்டாகப் பலகாரம் என்று தாய்மாமன் சீர் கொண்டுபோய் இறக்கினேன். மேளம்கூட வைத்தேன். அதற்கு எவ்வளவோ முன்பே, பெட்டி இல்லாமல், மேளம் இல்லாமல் ஒரு சீர் போய்ச் சேர்ந்திருக்கிறது போல.

தொழுகை முடிந்து ஜ.பாய் வந்தார். சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் வெளாட்டுக்குல்ல சொன்னேன்."

"நீ சரியாத்தான் சொன்ன. அவனுக்குக் கலர் தெரியுமா தெரியாதான்னுதான் புரியல. ஒருவேள கவனிக்காம அடிச்சிருப்பானோ?"

"கேட்டுரு."

"கேட்டு, அவன் தெரியாதுன்னா? பத்து நாள் நிம்மதியும் போயிரும்ல."

"நீ சொல்லாட்டி அந்த டாக்டர் சொல்லுவாரு. அவரு என்ன மாமனா?"

பாய் சொன்னது நியாயம். நியாயம் பேசுகிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்காது. ஆனால் டீ அவர் வாங்கியது.

ஜூன் 10, சனி

கேட்கவில்லை. இரண்டு முறை போனை எடுத்தேன். ஒருமுறை அக்கா எடுத்தாள். சுத்தியல் இருக்கிறதா என்று கேட்டு வைத்துவிட்டேன். இருக்கிறதாம்.

ஜூன் 12, திங்கள்

நாளை அந்தோணியார் திருவிழா. எங்கள் அன்பியத்தின் பொறுப்பு அசனத்துக்கு, அதாவது கோயில் விருந்துக்கு, தக்காளி. ரோ. உள்ளூரில் வாங்கச் சொன்னாள். நான் மலிவு என்று சொல்லி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனேன், அமலைக் கூட்டிக்கொண்டு. பஸ் செலவு கழித்தால் மலிவு இல்லை. எனக்கு ஒரு சோதனை நடத்த வேண்டியிருந்தது.

மார்க்கெட்டில் கேரளா லாரிகளுக்கு நடுவே புகுந்து போனோம். ஒரு கடையில் தக்காளி குவியல், காயும் பழமும் கலந்து. "அமலு, நல்லாப் பழுத்ததாப் பொறுக்கு," என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றேன். அவன் குனிந்தான்.

பார்த்து எடுக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கட்டைவிரலால் காம்புக்குப் பக்கத்தில் மெல்ல அமுக்கி, இதைப் பையில், அதைத் திரும்பக் குவியலில்.

நான் முப்பது வருஷமாகச் செய்வது. அச்சு அசல் அதே விரல், அதே இடம். இதற்காக இந்த ஜில்லாவில் என்னைத் திட்டாத காய்கறிக்காரர் கிடையாது.

கடைக்காரர் பார்த்துவிட்டார். "ஏனுங்க தம்பி, அமுக்காதீங்க. செவப்பாத் தெரியறத எடுத்தாப் போதுமுங்களே, கண்ணு இருக்குதில்லீங்க?"

நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அமுக்க ஆரம்பித்தேன். வேறென்ன செய்வது.

"நீங்களுமாங்க? மாமன் மருமகன்னு சொல்லவே வேண்டியதில்லீங்க," என்றார்.

பை நிறைந்தது. டீக்கடை. பெஞ்சில் இருவரும். எழுதி ஒத்திகை பார்த்த வசனத்தை விட்டுவிட்டேன்.

"தக்காளிய ஏன்லே அமுக்குற?"

"நீங்க ஏன் மாமா அமுக்குறீங்க?"

டீ வந்தது. குடித்தோம்.

"எப்பருந்துலே தெரியும்?"

"பன்னெண்டாவதுல. கெமிஸ்ட்ரி லேப்ல சொட்டுச் சொட்டா ஊத்தச் சொன்னாங்க. ரோஸ் கலரு வந்தா நிப்பாட்டணும். எல்லாரும் நிப்பாட்டிட்டாய்ங்க. நான் ஊத்திக்கிட்டே இருந்தேன்."

"பிறகு எப்படிப் பாஸான?"

"பக்கத்துப் பய காலை மிதிப்பான். மிதிச்சா நிப்பாட்டிருவேன்."

சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. அவனும் சிரித்தான். ஒரு வாரத்தில் இப்போதுதான்.

"இன்னொண்ணு மாமா. உங்க ஜெட்டை அந்தப் போலந்துக்காரரு செங்கல்னாரு. நீங்க அடிச்ச எல்லா ஜெட்டும் எனக்குப் பச்சையாத்தான் தெரியுது. உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான்."

"அப்ப எதுக்குடா பரீட்சை எழுதுன?"

"பாஸாவேன்னு நெனைக்கல. எழுதுனேன், வந்துருச்சு. ஓடுனேன், வந்துருச்சு. அம்மா ஸ்கூல் பூரா சாக்லேட் குடுத்துருச்சு."

"மெடிக்கலுக்குப் போகாம விட்டுருவமா?"

"இல்ல மாமா, போறேன். கடைசிக் கதவு வரைக்கும் போயிட்டு வாரேன். இல்லாட்டி பின்னாடி அதுவே குடையும்."

சரிதான். எனக்குக் குடைந்தது இல்லை, போய்ப் பார்த்துவிட்டேன்.

"அம்மாட்ட மட்டும் வேணாம். அது அம்மா வழியாத்தான் வரும்னு பயாலஜி புக்ல இருக்கு. தெரிஞ்சா தன்னாலதான்னு உக்காந்துரும். நெஞ்சளவு ஒரு இஞ்சு கம்மின்னு சொல்லிருவோம். நீங்களும் அதையே சொல்லணும்."

சம்மதித்தேன். இவன் கடைசிக் கதவைப் பற்றிக் கவலைப்படவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளைப் பற்றித்தான்.

ரோ. பையைக் கொட்டிப் பார்த்தாள். எல்லாம் நல்ல பழம். பாதி நசுங்கியது.

ஜூன் 13, செவ்வாய்

திருவிழா. கூட்டம். அசனத்தில் சாம்பார் நன்றாக இருந்தது. நசுங்கிய தக்காளி சாம்பாருக்கு உத்தமம் என்று சமையல்காரரே சொன்னார். ரோ.விடம் இதை இரண்டு முறை சொன்னேன்.

அக்கா பட்டுச்சேலை. ஒரு முழ மெழுகுவர்த்தி ஏற்றினாள். சின்ன வயதில் என் கிரேயான் டப்பாவில் ஒவ்வொரு குச்சியிலும் நிறத்தின் பெயரைப் பேனாவால் எழுதிக்கொடுத்தவள். குச்சி தேயத் தேய எழுத்தும் போய்விடும், திரும்ப எழுதுவாள். 'பச்சை' தேய்ந்து 'ப' மட்டும் நின்றது இன்னும் ஞாபகம்.

மெழுகுவர்த்தி நேராக நிற்கவில்லை. பிடித்துக்கொண்டேன்.

"சவரி, மெடிக்கல்ல என்னென்னலே பாப்பாங்க?"

"நெஞ்சளவு பாப்பாங்கக்கா. அது ரொம்ப முக்கியம். நிறைய பேருக்கு அதுலதான் போயிரும்."

"ஓ," என்றாள். என்னை ஒரு பார்வை. வகுப்பில் பொய் சொல்கிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை. நான் மெழுகுவர்த்தியைப் பார்த்தேன்.

ஜூன் 18, ஞாயிறு

மத்தியானம் ஸ்டேஷன். ஜங்ஷனில் வழக்கமான கூட்டம். பெரிய சூட்கேஸ்; உள்ளே இரண்டு சட்டை, ஒரு புளியோதரைப் பொட்டலம். தூக்கிப் பார்த்தால் பெட்டியின் கனம்தான். மச்சான் (அமலின் அப்பா) வெங்காயக் கமிஷன் கடையிலிருந்து நேரே வந்தார், சட்டையில் வெங்காயச் சருகோடு. வந்து நின்றார், கையைப் பிடித்தார், பேசவில்லை. அவர் எப்போதுமே அப்படி.

அக்கா அமலின் கழுத்தில் மாதா படம் போட்ட உத்தரியக் கயிற்றைச் சரி செய்தாள். வேகமாகக் காதில் ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டினான்.

ரயில் போனதும் கடைக்கு வந்தேன். தி.ச.வி.யில் இன்று யாரும் பறக்கவில்லை. போர்டு இன்னும் தொங்குகிறது. அக்காவிடம் சுத்தியல் வாங்கி வந்தேன், ஆணியைக் காணோம்.

ஜூன் 20, செவ்வாய்

மேகம். தூறல்போல நாலு சொட்டு. கடை போன் அடித்தது, சென்னை.

"மாமா."

"சொல்லுலே."

"புள்ளிப் புத்தகத்தைத் திறந்து என்ன எண்ணுன்னு கேட்டாரு."

"நீ?"

"எந்த எண் சார்னு கேட்டேன்."

அவன் சிரித்தான். நான் சிரிக்க முயன்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு வேறு மாதிரியாக மாறுவது கேட்டது. போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். ஓடட்டும்.

"வேற பிரிவுக்கு அடுத்த தடவை எழுதலாமாம். ஆபீசர் நல்லாத்தான் பேசுனாரு. தோள்ல தட்டுனாரு."

"எனக்குத் தட்டலடா. உனக்குத் தட்டிருக்காங்க. முன்னேற்றம்தான்."

"மாமா, ஒரு இஞ்சு. மறந்துறாதீங்க."

ஜ.பாய் வாசலில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் போய், இரண்டு டீயோடு வந்தார். அவர் மகள் வீட்டுக் கதை ஒன்றைச் சொன்னார். நீளமான கதை. காதில் விழவில்லை. நல்ல மனுஷன்.

ஜூன் 21, புதன்

காலையில் அமல் வந்து சேர்ந்தான் என்று தெரிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். சாட்சி சொல்ல. அக்கா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தாள். இட்லி, கறிக்குழம்பு. மூவரும் தரையில்.

அமல் தட்டைப் பார்த்துக்கொண்டே: "நெஞ்சளவு பத்தலம்மா."

நான்: "ஒரு இஞ்சுதான்க்கா. நான் அப்பவே சொன்னேன்ல."

அக்கா குழம்பு ஊற்றினாள். "நெஞ்சுலயா, கண்ணுலயா அந்த ஒரு இஞ்சு?"

இருவரும் இட்லியை வாயில் அடைத்தோம்.

"முழுங்குங்க மொதல்ல. ஏலே சவரி, உனக்குக் கிரேயான்ல பேரெழுதிக் குடுத்தவ நான். அஞ்சு வயசுலயே இவன் தக்காளிய அமுக்குனான், எனக்குத் தெரியாதா? ரெண்டாங்கிளாஸ்ல நான்தானே இவனுக்கு டீச்சர். மரத்துக்குத் தண்டு பச்சை, எலையெல்லாம் காவியா அடிச்சுக் கொண்டாந்து நீட்டுறான். டிக் போட்டேன். வேற டீச்சரா இருந்தா இன்ட்டு போட்டிருப்பா."

அமல் இட்லியை முழுங்கினான்.

"அப்புறம் எதுக்கும்மா நேர்ந்துக்கிட்ட?" மெதுவாகக் கேட்டான்.

"பாக்குற டாக்டரும் ஒங்க ரெண்டு பேரு மாதிரியே இருக்கணும்னுதான் நேர்ந்தேன்."

"அந்தோணியாரு?"

"அவரு என்ன செய்வாரு. அந்த டாக்டருக்கு நல்ல கண்ணாக் குடுத்துட்டாரு."

நான்தான் முதலில் வெடித்தேன். குழம்பு புரையேறியது. அமல் சிரித்து, சிரிப்பின் நடுவே முகத்தைத் தோளில் துடைத்தான். "அது உன்னாலதான்னு நெனச்சுக்கிருவியோன்னு…" என்று ஆரம்பித்தான்.

"என் வழியாத்தான் வந்துச்சு. ஒன் மூக்கும் என் வழியாத்தான் வந்துச்சு. அதுக்கு என்னைக்காச்சும் உக்காந்து அழுதேனா? எழுந்திரு, கையக் கழுவு."

பிறகு அடுப்படிக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். மூன்று தட்டுதான் இருந்தது. அமல் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றான். நான் சுத்தியலைத் திருப்பிக் கொடுக்க வந்ததாகப் பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சுத்தியலைக் கொண்டு போகவே இல்லை.

ஜூன் 22, வியாழன்

ரோ.விடம் எல்லாம் சொன்னேன். அவளுக்கும் தெரியுமாம். அமல் ஒருமுறை இவளுக்குச் 'சிவப்பு' ரிப்பன் வாங்கி வந்தானாம். இந்தக் குடும்பத்தில் கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான். ஜெட்டைப் பற்றியும் அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கடையில் என்ன செய்கிறேன் என்று முதலிலேயே தெரியும். இனி யாரிடம் எதை மறைப்பது.

போர்டு விழுந்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை.

ஜூன் 25, ஞாயிறு

காற்று அடங்கியிருக்கிறது. பூசையில் தூங்கவில்லை. கடை திறந்தேன், ரோ.வின் அனுமதியோடு.

அமல் வந்தான். புதுப் படைப்பிரிவு. இந்த உலகத்தில் எந்தச் சரித்திரத்திலும், நடந்ததிலும் நடக்காததிலும் இல்லாத பிரிவு. விதிகளை இருவரும் பேசி முடித்தோம்:

– சேர வருகிறவர்களுக்குப் புள்ளிப் புத்தகம் காட்டப்படும். எண் தெரிந்தால் நிராகரிப்பு.
– விமானம் நீலம், மஞ்சள். எங்கள் இருவருக்கும் சண்டையில்லாமல் தெரிகிற நிறங்கள்.
– நெஞ்சளவு கேட்கப்படாது.
– பிரியாணி விதியில் மாற்றம் இல்லை.

இரண்டு இறக்கையும் ஒரே நீலம். ஜ.பாய் வந்து கண்ணருகே கை வைத்துப் பார்த்து, "இதுல ஒரு குத்தமும் சொல்ல முடியலையே, சப்புனு இருக்கு," என்றார்.

மூக்கில் என்ன சின்னம் போடுவது? பூட்டு வேண்டாம் என்றான் அமல். தக்காளி வரைந்தான். அதன்மேல் ஒரு கட்டைவிரல். நன்றாக வரைந்தான். தக்காளிக்கு மட்டும் எண் பார்க்காமல், கண் பார்த்துத்தான் அடிப்பேன் என்று பிடிவாதம். அடித்தான்.

அந்த நேரம் அக்கா வந்தாள். அடுத்த பரீட்சைக்கு விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறாள், கணக்கு எழுதுகிற பிரிவு. "அங்கன எல்லாம் கறுப்பு மையாத்தான் இருக்கும்," என்று மேசையில் வைத்தாள். சூட்கேஸ் இன்னும் கட்டிலடியில்தானாம், யாருக்கும் கொடுக்கவில்லையாம். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். விமானத்தைப் பார்த்தாள். தக்காளியைப் பார்த்தாள். உதட்டோரம் ஏதோ ஓடியது.

"எப்படிம்மா இருக்கு?"

"ம்."

"பழமாக்கா, காயா?" என்றேன்.

"அமுக்கிப் பாருங்க."

அமல் திரையில் கட்டைவிரலை வைத்தான். நானும் வைத்தேன்.